முறிகண்டியில் ரோசிக்கு ஒரு தேங்காய்

இன்று காலை புளியங்குளத்தில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். மடியில் ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க். அதற்குள் எங்கள் நாய் ரோசியின் இரத்தம்.

ரோசிக்குப் பன்னிரண்டு வயது. வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறாள், முடி கொட்டுகிறது, வயிறு ஊதுகிறது.

"ஹோர்மோன் வருத்தம் போல கிடக்கு. இரத்தத்தை மத்தியானத்துக்குள்ள யாழ்ப்பாணத்தில டெஸ்ட்டுக்குக் குடுங்கோ. சூடு பட்டாப் பழுதாப் போகும்" என்றார் மிருக வைத்தியர்.

வழக்கம்போல முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள், கச்சான் கடலை வாங்கினார்கள். நான் பிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தேன். ஐஸ் சத்தமே இல்லை.

"அண்ணை, கெதியா எடுங்கோ. டெஸ்ட்டுக்கு இரத்தம் கொண்டு போறன்."

கண்டக்டரின் முகம் மாறியது. "ஆருக்குத் தங்கச்சி?"

"வீட்டில... வயசான ஆள்."

"பேர்?"

"ரோசி."

"வேதக்காரரோ? பரவாயில்லை, பிள்ளையார் அதெல்லாம் பாக்கமாட்டார்."

கண்டக்டரே ரோசியின் பெயரில் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு நின்றவர்களைப் பேசிப் பஸ்ஸில் ஏற்றினார். பிறகு பஸ் பறந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கொடுத்துவிட்டேன்.

டெஸ்ட் முடிவை வாங்கிவர நாளைக்கும் அதே பஸ்தான். "அவா எப்பிடி இருக்கிறா?" என்று கண்டக்டர் கேட்டால் என்ன சொல்ல?

ஆராவது ஒரு வழி சொல்லுங்கோ. அவா இங்கே அடுத்த வாளியையும் காலியாக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறா.