வருஷம் பூரா சுத்தபோசனம்

ஆவூர் அருள்ராணி சைக்கிளில் போனால் தெருநாய்கூடத் துரத்தாது. துரத்துவதற்கு வேகம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! ஓட்டத் தெரியாத ஆளென்று நினைத்துவிடாதீர்கள். அறிவொளி இயக்கக் காலத்தில், பதினெட்டு வயதில், பார் வைத்த வாடகை சைக்கிளில் தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி, முட்டி இரண்டையும் பேர்த்துக்கொண்டு, மூன்றே நாளில் கற்றுக்கொண்டவர். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் ஏறிய காலம் அது. அப்புறம் பாதிப்பேர் ஸ்கூட்டிக்கு மாறிப்போனார்கள். அருள்ராணி மாறவில்லை. இப்போது ஐம்பத்தோரு வயதில் அந்தச் சைக்கிளே அவருக்குத் தொழிலும் ஆகிவிட்டது.

என்ன தொழில்? கார் வேண்டாம், அவசரம் வேண்டாம், கறியும் மீனும் வேண்டாம் என்கிற ஆட்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரை, பொட்டல், பழைய கோவில் என்று சுற்றிக் காட்டுவது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக் கூட்டி வருகிறவர் பிரகதீஸ்வரி, திருச்சியில் கல்லூரி ஆசிரியை. ஒருமுறை கீரனூர் ரோட்டில் அவருடைய சைக்கிள் செயின் கழன்று நின்றபோது எதிரே வந்த அருள்ராணி, கையெல்லாம் கிரீஸ் ஆவதைப் பார்க்காமல் மாட்டிக் கொடுத்தார். "மெயின் ரோட்ல எதுக்கு வெயில்ல வேகுறீங்க? இங்கிட்டு கண்மாய் மேல வாங்க, நெழலாப் போயிரலாம்" என்று கூடவே வந்து வழியும் காட்டினார். அன்றைக்குப் பிடித்த சிநேகம்தான் இந்தத் தொழில்.

ஊரில் சிரிக்காத ஆளில்லை. "மெதுவாப் போறதுக்குன்னே ஆளு கெளம்பி வருதாக்கும்? நம்ம டவுன் பஸ்ல ஏத்தி விடு, அத விட மெதுவா ஒண்ணும் போக முடியாது" என்றார் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து. சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்று தடவை ஆட்கள் வந்து, மூன்று தடவையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அருள்ராணிக்கு ஒரே ஒரு குறை. மதியச் சாப்பாடு மட்டும் திருச்சியிலிருந்து பொட்டலமாக வந்தது. ஊரையெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் மரத்தடியில் உட்கார்ந்து, யாரோ கட்டிய புளியோதரையை அவர்கள் பிரிக்கும்போது அவருக்கு வயிறு எரியும். சாப்பிட்டு முடித்தபின் அந்த வெள்ளித்தாளையும் பிளாஸ்டிக் கரண்டியையும் பொறுக்கிக் கட்டுவதும் அவர் வேலைதான். நான்காவது தடவைக்கு முன்னால் போனில் கேட்டேவிட்டார்.

"மேடம், சாப்பாட்ட எங்க வீட்லயே வெச்சுக்கலாமே?"

பிரகதீஸ்வரி இழுத்தார். "வர்றவங்கள்ல சில பேர் பிறந்ததுலேருந்து சைவம், அருள்ராணி. கறி மீன் பொழங்குற வீடுன்னா யோசிப்பாங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தார். நினைத்ததை முழுங்கிக்கொண்டு, "என் வீட்டுச் சட்டில நம்பிக் கை வெக்கச் சொல்லுங்க மேடம். அவங்க எலையில மீன் வாடகூட அண்டாது. இது என் வாக்கு" என்றார்.

"சரி, ஒரு தடவை பார்ப்போம். நல்லபடியா நடந்தா மாசாமாசம் ஒங்க வீட்லதான் சாப்பாடு. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, மறுபடியும் நான் அவங்ககிட்டக் கேக்கவே முடியாது."

வாக்கைக் கொடுத்துவிட்டார், ஆனால் சமைக்க வேண்டியவர் அவர் இல்லை, வீட்டுக்காரர் சந்தனராஜ். மஸ்கட்டில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கரண்டி பிடித்த கை அது. ஊர் திரும்பியதிலிருந்து அடுப்படி அவருடைய ராஜ்ஜியம். கீரனூர்ச் சந்தையில் புதுச் சட்டி ஏழெட்டும் புது அகப்பையும் வாங்கிக் கொண்டுவந்து அருள்ராணி அவரிடம் விஷயத்தைச் சொன்னார். விபூதிப் புதன் கழிந்த மறுநாள் அது. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஆவூரில் வீட்டுக்கு வீடு சுத்தபோசனம்தான். கறியை விலக்கிச் சாப்பிடுவதற்கு மாதா கோவில்காரர்கள் சொல்லும் சொல். அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

"சனிக்கெழம ஆறு பேரு வாராங்க. நம்மளுக்காச்சும் நாப்பது நாளு, அவங்களுக்கு வருஷம் பூரா சுத்தபோசனந்தான். மனசு வெச்சுச் சமைங்க."

"வருஷம் பூராவா!" என்று உச்சுக் கொட்டினார் சந்தனராஜ். "பாவத்த. நீ கவலப்படாமப் போ அருளு, நான் அசத்திர்றேன்."

சனிக்கிழமை காலை கொடும்பாளூரில் பிரகதீஸ்வரியோடு சேர்த்து ஆறு பேரும் கூடினார்கள். அவர்களில் குணசேகரன் என்று ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், ரிட்டயர்டு என்ஜினியர். கேள்விக்குப் பிறந்த மனிதர். மூவர் கோவிலில் நின்றுகொண்டு, "மூவர்ங்கறீங்க, ரெண்டுதான நிக்குது?" என்றார்.

"ஒண்ணு அவசரப்பட்டுக் கெளம்பிருச்சு சார். நம்ம மெதுவாவே போவோம்" என்றார் அருள்ராணி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி: "ஏம்மா, சைவத்துக்குப் பாத்திரமெல்லாம் தனிதான?"

"தனிதான் சார். புதுச் சட்டி."

கடலைக் கொல்லைகளில் மயில் மேய்ந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு பம்புசெட்டில் முகம் கழுவி, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் மிதித்ததில் ஆறு பேருக்கும் நல்ல பசி. குணசேகரன் இன்னும் இரண்டு தடவை பாத்திரத்தைப் பற்றிக் கேட்டார். அருள்ராணியும் சளைக்காமல் பதில் சொன்னார்.

வீட்டுக்கு ஐம்பதடி இருக்கும்போதே அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது. மீன். யார் வீட்டிலோ என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வந்தவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சந்தனராஜ் மாப்பிள்ளை கணக்காக நின்றார். "பாத்தியா! கண்மாய் வெரா. உசுரோட துள்ளுனத வாங்கியாந்தேன். வறுவலு, கொழம்பு ரெண்டும் ரெடி."

"அய்யோ மாதாவே! யாரக் கேட்டு மீன் வாங்குனீங்க?"

"நீதான சுத்தபோசனம்னு சொன்ன? கறி வாங்கலேல்ல. மீனு ஆகும்ல? வருஷம் பூரா கறி திங்காத மனுசங்க, மீனாச்சும் வயிறாரத் திங்கட்டும்னு நெனச்சேன்."

அருள்ராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கறி ஆகாது, மீன் ஆகும். ஆவூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. சைவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

"சரி, மத்ததெல்லாம்?"

"வாழக்காப் பொரியலு, அவரக்காக் கூட்டு, ரசம், எல்லாம் தனித்தனியாத்தான் இருக்கு."

"எந்த எண்ணெயில தாளிச்சீங்க?"

சந்தனராஜின் முகம் இறங்கியது. "மீன் பொரிச்ச எண்ணெதான். கீழ கொட்டவா முடியும்?"

வெளியே குணசேகரன் யாரிடமோ, "வாசனை எங்கேருந்து வருது?" என்று கேட்பது காதில் விழுந்தது. சந்தனராஜ் குரலைத் தணித்தார். "இங்க பாரு அருளு. மீன எடுத்துத் தங்கமுத்து வீட்டுக்குக் குடுத்து விட்ருவோம். வாட அவுங்க வீட்டுதுன்னு சொல்லிக்கலாம். எண்ணெய யாரு பாத்தா? நீயா சொன்னாத்தான் உண்டு."

அவர் சொன்னதில் பொய்யில்லை. தெரியாதுதான். அருள்ராணிக்கும் அரை நிமிஷம் சபலம் தட்டியது. சபலமே இல்லையென்று மறைத்தால் அது கதை சொல்கிற நமக்கு அழகில்லை. இலை போட்டுப் பரிமாறிவிட்டால் மாசாமாசம் சாப்பாடு இங்கேதான். சொல்லிவிட்டால் இன்றோடு சரி, மறுபடியும் புளியோதரைப் பொட்டலம். ஆனால் அந்த மனிதர் கேட்ட கேள்விக்கெல்லாம் தனிதான் சார், தனிதான் சார் என்று சொன்ன வாய் இது. எழுந்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். வீட்ல மீன் சமைச்சிருக்கு. அது மட்டுமில்ல, மீன் பொரிச்ச எண்ணெயிலதான் காயெல்லாம் தாளிச்சிருக்கு. சோறு ஒண்ணுதான் சுத்தம். சைவம்னு சொல்ல வேண்டிய எடத்துல எங்க கோவில் வார்த்தையச் சொல்லிட்டேன், அவரு வேற மாரி எடுத்துக்கிட்டாரு. தப்பு எம்மேலதான்."

பிரகதீஸ்வரி முகம் சுண்டிப்போனது. "அருள்ராணி, நான் போன்லயே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். குணசேகரன்தான் எழுந்து வந்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்புறம் ஏம்மா சொன்னீங்க?"

"நம்பித்தான சார் இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்தீங்க? ஒங்களுக்குத் தெரியாட்டி என்ன, எலையில வெக்கிற எனக்குத் தெரியும்ல? மீன் திங்கிற வீடுதான் சார் இது, அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. பொய் சொல்லி ஊட்டுற வீடு இல்ல." அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா மிச்சமிருக்கிற புதுச் சட்டில புதுசாச் சமைச்சுப் போடுறேன். பசி தாங்காதுன்னா ரெண்டே காலுக்கு டவுன் பஸ் இருக்கு, கீரனூர்ல சைவக் கடை இருக்கு. நானே ஏத்தி விடுறேன்."

குணசேகரன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வீட்டோரத்து முருங்கையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அவசரம் வேண்டாம்னுதான வந்தோம்? அந்த முருங்கைக்காய் எட்டுமா, தொரட்டி வேணுமா?" என்று கேட்டார்.

அப்புறம் என்ன! வாசலிலேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியாகிவிட்டது. பிரகதீஸ்வரி வெங்காயம் உரித்தார். சோடி சோடியாக உட்கார்ந்து மற்றவர்கள் கீரை ஆய்ந்தார்கள். விரால் மீன் மொத்தமும் தங்கமுத்து வீட்டுக்குப் போனது. கேலி பேசியவருக்கு அன்றைக்கு அப்படி ஒரு யோகம்! சந்தனராஜ் கிணற்றடியில் சீயக்காய் போட்டுத் தலைமுழுகி, கையைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வரத் துணியாமல் ஓரமாய் நின்றார்.

"மஸ்கட்காரரே, வேடிக்கையா பாக்க வந்தீங்க? இங்கிட்டு வாங்க, கொழம்பக் கூட்டுங்க" என்று அதட்டினார் அருள்ராணி.

மூன்றரை மணிக்கு இலை விழுந்தது. முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, கீரை மசியல், வறுத்த கடலையில் அரைத்த துவையல். குணசேகரன் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மறுசோறு வாங்கினார், குழம்புக்காக இன்னும் ஒருமுறை வாங்கினார். சாப்பிட்ட இலைகள் ஆட்டுக்குப் போயின. பொறுக்குவதற்கு ஒரு தாள் இல்லை.

வெயில் தாழ்ந்து கிளம்பும்போது குணசேகரன் அருள்ராணியிடம் வந்தார். "என் சம்சாரம் முப்பத்தெட்டு வருஷமா வெளியிடத்துல பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டா. அடுத்த மாசம் கூட்டிட்டு வர்றேன். ஒங்க வீட்ல சாப்பிடுவா. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

அருள்ராணி கைகூப்பினார். எத்தனையோ பேரை எங்கெங்கோ கூட்டிப்போயிருக்கிறார். இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாய்த்ததில்லை. "கூட்டியாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

பிரகதீஸ்வரி டைரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அடுத்த தடவ சமையல் நீங்களே பாத்துக்குங்க அருள்ராணி. எதுக்கு வம்பு? அவரு வேணாம்."

"அதெப்புடி மேடம்? அவரு வெச்ச கொழம்புக்குத்தான சார் ரெண்டு தடவ சோறு வாங்கினாரு? சமைக்கிறது அவருதான். தப்பாச் சொன்ன வாயி என்னுது, அத நான் பாத்துக்கிறேன்."

கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த சந்தனராஜுக்கு அது நன்றாகவே கேட்டது. தலையைத் தூக்காமல் கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

பிரகதீஸ்வரி அடுத்த மாசத்துச் சனிக்கிழமையில் 'மதியம், ஆவூர், அருள்ராணி வீடு' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'அருள்ராணி, சந்தனராஜ் வீடு' என்று மாற்றி எழுதினார்.