தெறித்துப் போன தாமரை இதழ்

தொண்ணூறுகளில், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மரப்பட்டறையில் கதவுகளுக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருடத்திலேயே எல்லாம் தெரியும் என்ற திமிர் வந்திருந்தது. ஒரு நாள் தேக்குக் கதவில் தாமரை இதழ் ஒன்று தெறித்துப் போனது. அடுத்தவர் உளியைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். பக்கத்தில் வேலை செய்த, எனக்குப் பிடிக்காத பழனிசாமியிடம், "என் உளியை எடுத்து மழுக்கிப்போட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர் அந்த உளியால் தன் கைமுடியை மழித்துக் காட்டினார். "எடுத்தனுங்க. மழுங்கிக் கெடந்துச்சு, தீட்டி வெச்சேன். மரத்து நாரு ஓடுற பக்கத்துக்கு எதிரா செதுக்கிப்போட்டு என்னையச் சொல்றீங்க." மறுபக்கமிருந்து அடுத்த இதழை அவரே செதுக்கினார். வழுவழுவென்று வந்தது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவு வாங்க வந்தவர் பழனிசாமி செதுக்கிய அந்த இதழைத்தான் தடவினார். "யாரு வேலைங்க இது?"

"என்னுதுதானுங்க" என்றேன்.

பக்கத்தில் பழனிசாமி உளி தீட்டும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.