கால் மிதித்தால்தான் வரும் ஜெபம்

நான் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்கிறேன். அதிகம் படிக்கவில்லை. எங்கள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையைப் பூசையில் வாசிக்கும் முன் மாப்பிள்ளையும் பெண்ணும் ஃபாதரிடம் ஜெபங்களை ஒப்பிக்க வேண்டும். தவறினால் அந்த ஞாயிறு ஓலை வாசிக்க மாட்டார்கள். கல்யாணமும் தள்ளிப்போகும். நாங்களோ மண்டபம் பேசி முடித்துவிட்டோம்.

அந்த ஜெபங்களில் விசுவாசப் பிரமாணம் நீளமானது. ஒரு மாதம் நெய்துகொண்டே மனப்பாடம் செய்தேன். எனக்கு நிச்சயித்த ஸ்டெல்லாவிடமும் தறியில் படிப்பதைப் போனில் சொல்லியிருந்தேன். ஃபாதரிடம் போன அன்று அவள் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். எனக்கு இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது.

"அடுத்த வாரம் வர்றியாப்பா?" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், அவரு தறி மிதிச்சிக்கினே படிச்சவரு. கால ஆட்டச் சொல்லுங்க, தானா வந்துடும்" என்றாள் ஸ்டெல்லா.

வெட்கத்தை விட்டு மேசைக்கடியில் மிதித்தேன். ஆமென் வரைக்கும் நிற்காமல் வந்தது.

"கல்யாணத்தன்னிக்கு மிதிக்காதப்பா, பீடம் ஆடிடும்" என்று ஃபாதர் சிரித்தார். ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தறியில் ஜெபம் படிப்பதில்லை. விளக்கு வைத்ததும் ஸ்டெல்லாவோடு முட்டி போட்டுச் சொல்கிறேன். முட்டி போட்டால் மிதிக்க முடியாது; ஆனாலும் ஆமென் வரைக்கும் வந்துவிடுகிறது.