அணைக்க முடியாத என்ஜின்

ஆரம்பாக்கம் அப்பாவு பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிச் சலித்து, 2006இல் ஒரு பழைய டீசல் காரைச் சொந்தமாக வாங்கினான். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி ஒன்றின் கணக்கதிகாரி சுப்பிரமணியை மாதவரத்திலிருந்து தினமும் அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அவனுடைய பிழைப்பு.

அடுத்த மழைக்காலத்தில் வண்டி இழுக்க முடியாமல் கரும்புகை கக்கியது. கவரைப்பேட்டை மெக்கானிக் ஜோசப் டர்போவைக் கழற்றினார். என்ஜின் விடும் புகையில் சுழன்று, அந்த என்ஜினுக்கே காற்றைத் திணித்துக் கொடுக்கும் சின்னச் சக்கரம் அது. அதன் அச்சு லொடலொடவென்று ஆடியது. வடித்த ஆயிலை ஜோசப் விரலில் தேய்த்துக் காட்டினார். பொடிப்பொடியாக மின்னியது.

“கோளாறு டர்போல இல்லப்பா. என்ஜின் உள்ள பேரிங் தேயுது. அந்தத் தூளு ஆயிலோட போய் டர்போவ அறுத்துக்குது. என்ஜின இறக்கி பேரிங்க மாத்தாம புது டர்போ போட்டா அதுவும் பூடும்.”

“எத்தினி நாள் ஆவும்?”

“ரெண்டு வாரமாவது வுடு.”

“அதுக்குள்ள கம்பெனில வேற வண்டிய வெச்சிக்குவாங்கண்ணா. இப்ப டர்போ மட்டும் மாத்திக் குடு. பொங்கல் லீவுல என்ஜின இறக்கிக்கலாம்.”

ஜோசப் மனசில்லாமல் மாட்டிக் கொடுத்தார். வண்டி பறந்தது. மனைவி புவனேஸ்வரியிடமும் சுப்பிரமணியிடமும் புது டர்போ போட்டதை மட்டும் சொன்னான்; பேரிங் பேச்சை எடுக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, சுப்பிரமணியை ஏற்றிக்கொண்டு தச்சூர் கூட்டு ரோட்டைத் தாண்டியதும் வண்டி தானாக வேகம் பிடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் குறையவில்லை. பின்னால் ரோடே தெரியாதபடி வெண்புகை. சாவியைத் திருப்பினான். என்ஜின் நிற்கவில்லை. டர்போ உடைந்து, அதன் வழியாக என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. நியூட்ரலுக்குத் தள்ளி பிரேக்கை மிதித்தான். என்ஜினின் அலறல் இன்னும் கூடியது.

“சார், குதிக்காதீங்க! ஓரங்கட்டிர்றேன்!”

சுப்பிரமணி அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

குதித்ததில் அவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. என்ஜின் ஆயில் தீரும்வரை கத்திவிட்டு இறுகிப்போனது. இனி அது தேறாது என்று ஜோசப் கையை விரித்தார்.

ஆஸ்பத்திரியில் சுப்பிரமணி கோபப்படவில்லை. “எப்படிப்பா ஆச்சு? புதுசுதானே போட்டே?” என்று கேட்டார்.

“ஆமா சார். புதுசுதான்.”

ஜோசப் எச்சரித்ததை மறைத்துவிட்டான். அப்புறம் அந்தப் பக்கம் போக அவனுக்குக் கால் வரவில்லை. சுப்பிரமணியும் வேலைக்குத் திரும்பவேயில்லை.

புவனேஸ்வரி இறால் கம்பெனியில் சேர்ந்தாள். கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஆரணியில் ஒருவர் டிரைவர் வேலைக்குக் கூப்பிட, அப்பாவு போனான். சாவியைத் திருப்பினான், என்ஜின் ஓடியது. அணைத்தான், நின்றது. மறுபடி ஓடவிட்டு அணைத்தான். மறுபடியும். வண்டியின் சொந்தக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

“இன்னா ஆச்சு?” என்றாள் புவனேஸ்வரி.

“என்னால முடில புவனா.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் சோற்றை மூடி வைத்துவிட்டு அவள் கிளம்பினாள்.