அண்ணி தொடாத எண்ணெய்

என் அண்ணன் வீட்டில் அடுப்புக்கு மேலே, சுவருக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அங்கே ஒரு கண்ணாடிப் புட்டி பல வருடங்கள் நின்றது. பொடுதலை இலையைப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். பொடுகுக்கு அதைவிட நல்ல கைமருந்து எங்கள் ஜவ்வாது மலையிலும் இல்லை, கீழேயும் இல்லை என்பார்கள். புகை படிந்து புட்டி கறுத்துப்போனதே தவிர, மூடியை யாரும் திறக்கவில்லை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அண்ணி தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

கல்யாணமாகி வந்த கலசப்பாக்கத்தில் நான் இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். "தலை அரிக்குது, இன்னா போடலாம்?" என்று கேட்காமல் ஒரு நாளும் போவதில்லை. ஷாம்பு எடுத்துக் கொடுப்பேன். ஷாம்பு வேண்டாம் என்பவர்களுக்கு வெந்தயம், வேப்பிலை என்று சொல்லி அனுப்புவேன். எண்ணெய் எல்லாத் தலைக்கும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பொடுகு கூடிவிடும் என்பதையும் சொல்வேன். அண்ணியின் தலை அந்த வகை அல்ல. காய்ந்து வெடித்த தலை, எண்ணெய்க்கு ஏங்கிய தலை. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அந்த ஒரு தலையில் செய்து பார்த்ததுதான்.

அண்ணன் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் எண்ணெய் வைத்து முழுகுகிற நாள். ஆந்திரா பக்கம் மரம் வெட்டுகிற வேலை என்று சொல்லி ஓர் ஆள் வேன் கொண்டுவந்திருந்தான். என்ன மரம் என்று அவனும் சொல்லவில்லை, எங்கள் ஆட்களும் கேட்கவில்லை. அந்த வருடம் சாமை பொய்த்துப்போய், கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை. வேன்காரன் ஹாரன் அடித்ததும், வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அண்ணி கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடிவந்தார். முடி அவிழ்ந்து கிடந்தது. நெற்றியில் எண்ணெய் வழிந்தது. பயணம் போகிறவர் எதிரே எண்ணெய்த் தலையோடு வரக் கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் சிரித்துவிட்டார்.

"இன்னா இது, முழுகிட்டு வரக் கூடாதா? சரி, போய்ட்டு வர்றேன்."

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். காட்டில் போலீஸ்காரர்கள் துரத்தினார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம், அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை என்றார்கள். அண்ணியும் நானும் கேட்காத இடமில்லை. எந்தச் சிறையிலும் அவர் பெயர் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் உடல் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை.

"எண்ணெத் தலையோட எதிர்ல வந்து நின்னேன்ல, அதான்" என்றார் அண்ணி. "இனிமே அவரு வந்தாத்தான் என் தலைக்கு எண்ணெ."

எனக்குக் கோபம் வந்தது. "வேன்ல ஏறின எல்லாருக்கும்தான எதிர்ல வந்தீங்க? அவங்கல்லாம் திரும்பி வரலியா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கா நான் பொண்டாட்டி?" என்று அண்ணி என்னைப் பார்த்தார். 

எங்கள் மலையில் பனிக்காலம் உதட்டையே வெடிக்க வைக்கும். எண்ணெய் காணாத தலையை விட்டுவைக்குமா? முதலில் தோளில் வெள்ளையாக உதிர்ந்தது. பிறகு அரிப்பு பிடித்தது. சாமை அடிக்கிற நாட்களில் அந்தத் தூசு பட்டு இன்னும் மோசமாகும். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். விரலெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். மணிக்கட்டால் உச்சியைத் தேய்த்துக்கொள்வார். அது போதாமல் புளிக் கையோடே சொறிந்துவிடுவார். சொறிந்த இடத்தில் புளி பட்டால் எப்படி எரியும் என்று நினைத்தால் எனக்கே உடம்பு கூசும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

எண்ணெய் இல்லாத வைத்தியமாக நான் தேடித் தேடிச் செய்தேன். இரவு மோரில் ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசினேன். வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் அலசினேன். சின்ன வெங்காயச் சாறு, கற்றாழைச் சோறு, பாலில் அரைத்த மிளகு என்று ஒன்றையும் விடவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்த அன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு என்மேல ஏதாச்சும் கோவமா எம்மா?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வைத்தியமும் கொஞ்ச நாள் கேட்கும். பிறகு நகத்தில் மறுபடி ரத்தம் இருக்கும்.

அந்தப் புட்டியைக் கொண்டுவந்தது செங்கம் பக்கத்தில் இருக்கும் அண்ணியின் தம்பி. போனில் பேசும்போது அக்கா தலை எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் போலிருக்கிறது. தம்பி பதறிப்போய்த் தன் மனைவியிடம் சொல்லிப் பொடுதலை எண்ணெய் காய்ச்ச வைத்தார். எண்ணெய் வைத்தால் முழுகவேண்டுமே என்று கூடவே சீயக்காயும் அரைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அக்காவின் தலையைத் தவிர வேறு எதுவும் அவர் நினைவில் இல்லை. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிந்ததும், பிறந்த வீட்டுக்காரர்கள்தான் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்துத் துக்கம் கழிப்பார்கள். அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மறந்துபோனார்.

பஸ்ஸில் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஒரு கையில் எண்ணெய்ப் புட்டி, ஒரு கையில் சீயக்காய்ப் பொட்டலம். அவர் மேட்டை ஏறி வருவதற்குள் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புளியமரத்தடியில் இருந்து எழுந்து வந்த அண்ணி தம்பியின் கையைப் பார்த்தார். ஆடாமல் நின்று கேட்டார்:

"எங்கடா கெடச்சாரு?"

"யாருக்கா?" என்றார் தம்பி. பிறகுதான் தன் கைகளைத் தானே பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "தலை அரிக்குதுன்னு சொன்னியேன்னுதான்கா…" என்று வாய்விட்டு அழுதார். அண்ணி அழவில்லை. தம்பி ஆசையாகக் கொண்டுவந்ததைக் கொட்ட மனமில்லாமல், ஏறி நின்று, கைக்கு எட்டாத அந்தச் சந்தில் புட்டியைச் செருகிவிட்டு, அவருக்குச் சோறு போட்டார்.

அந்த நாளுக்குப் பிறகு ஊர் மாறிவிட்டது. ஒருமுறை அழுது தீர்த்த சாவை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணத்தில் தாம்பூலத் தட்டு அண்ணியைத் தாண்டிப் போனது. நல்ல காரியத்துக்கு எதிரே வந்தால் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணனுக்காகக் காத்திருந்த ஒரே இடம் அண்ணியின் அந்தக் காய்ந்த தலைதான்.

நான் கல்யாணமாகிப் போன பிறகும் விடுமுறைக்கு அங்கே போவேன். ஒருமுறை போனபோது அண்ணன் மகள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா முகம் அவளுக்குப் போட்டோவில்தான் தெரியும். அவளும் சொறிந்துகொண்டிருந்தாள். பிடரியில் முடியை விலக்கிப் பார்த்தேன். புண் சீழ் பிடித்திருந்தது. அவளுக்குத் தினமும் எண்ணெய் வைத்து அனுப்புவதாகத்தான் அண்ணி சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலையில் விளங்கியது. எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட சடையைப் பின்பக்கம் போய் அவிழ்த்து, குளிர்ந்த தண்ணீரில் அரப்புத்தூளைப் போட்டுப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றார் அண்ணி.

"அப்பா வர்ற வரைக்கும் எனக்கும் எண்ணெ வாணாம்."

அண்ணி உள்ளே போய் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, அந்தப் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்ததும் காறல் வாடை அடித்தது. "அது கெட்டுப்போச்சு அண்ணி, வேற வாங்கிக்கலாம்" என்றேன். "பாப்பாவுக்குப் புதுசு வைக்கலாம். எனக்கு இதுதான்" என்று உள்ளங்கை நிறைய ஊற்றித் தன் உச்சியில் வைத்துத் தேய்த்தார். அத்தனை வருடம் காய்ந்த தலை அதை உடனே குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினார்.

குழந்தைக்குப் புரிந்துவிட்டது. "அப்போ அப்பா வர மாட்டாராம்மா?" என்று கத்தினாள்.

அண்ணி அவளைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்தார். "தலையக் காட்டு" என்றார்.

எங்களுக்கு அண்ணன் செத்தது அன்றைக்குத்தான். ஊர் முன்பே அழுது முடித்திருந்ததால் அன்று ஒப்பாரிக்கு யாரும் வரவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் அழுதோம்.

புட்டி இப்போது உத்திரச் சந்தில் இல்லை. கழுவி, புது எண்ணெய் ஊற்றி, கை எட்டுகிற மாடத்தில் வைத்திருக்கிறார். இரண்டு தலையிலும் பொடுகு இல்லை, புண் இல்லை. கைமருந்து கேட்குமா என்று கடையில் யாராவது கேட்டால், கேட்கும் என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அது கேட்டதற்காக நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

போன மாதம் போயிருந்தபோது நான் ஊர் திரும்பிய நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. பஸ் சத்தம் கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எப்போதும் பஸ்வரை கூடவே வருகிற அண்ணியைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். எண்ணெய்த் தலையோடு, புட்டியைக் கையில் பிடித்தபடி, கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நீ போய்ட்டு வா எம்மா. நான் எதிர்ல வரல."

பஸ் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.