மூன்றாவது மிதி

ராக்கம்மாள் தலைக்கு முன்னால் கால் வரப் பிறந்தவள். பெற்றவளைப் பாடாய்ப் படுத்திய அந்தக் காலுக்குக் கம்பம் ஊரில் தனி மரியாதை இருந்தது. முதுகில் பிடிப்பு என்றால், விடிந்தும் விடியாமலும் வெறும் வயிற்றோடு அவள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். இடது குதிகாலால் நாளுக்கு ஒரு மிதி, மூன்று நாள். மிதித்துவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குக் கொடி கட்டப் போய்விடுவாள். ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள்.

2007 ஐப்பசியில் அவள் தம்பி அய்யாத்துரையே வந்து படுத்தான். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். இரண்டு மாதமாக முதுகுவலி. மலைரோட்டில் குலுங்கினால் பிடிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும்தான் சொன்னாள். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்ததையும், சட்டை தொளதொளவென்று ஆனதையும் யார் பெரிதாக எடுத்தார்கள்? கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வலிக்கவில்லை என்றான். வலிக்காததை அத்தோடு விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் மிதித்தாள். தேவலாம் என்றான். இரண்டாம் நாள் குதிகால் பட்டதும் அவன் கத்தவில்லை. மூச்சை மட்டும் இழுத்தான். அவள் காலுக்குத் தெரியாத முதுகா? பிடித்துக்கொண்ட முதுகு கட்டை மாதிரி எதிர்த்து நிற்கும். இது உள்ளே வாங்கியது.

மூன்றாம் நாள் அவன் வந்து படுத்ததும், "எந்திரிலே. மிதிக்க மாட்டேன்" என்றாள்.

"மூணு மிதிச்சாத்தானக்கா விடும்? பாதியில விட்டா வலி ஏறிக்கிரும்னு நீதான சொல்லுவ?"

"சொன்னதும் நாந்தான். இப்ப மாட்டேங்கிறதும் நாந்தான். எந்திரி."

எழுந்திருக்கப் பார்த்தான். கால் இரண்டும் வரவில்லை.

அவன் ஓட்டுகிற ஜீப்பிலேயே அவனைக் கிடத்தித் தேனிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஓர் எலும்பு நொறுங்கி அமுங்கியிருந்தது.

"எங்கயாவது விழுந்தாரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அய்யாத்துரையின் மனைவி ராமுத்தாய் முந்திக்கொண்டாள். "ஆமாம்மா. ஜீப்பு மேல மூட்டை கட்டும்போது வழுக்கி விழுந்துட்டாக."

சொல்லிவிட்டு ராக்கம்மாளின் கையை இறுகப் பிடித்தாள். மதினி பேர் கெட்டுப்போகக் கூடாது, போலீஸ் கேஸாகிவிடக் கூடாது என்கிற நல்ல மனசு. சில நேரம் நல்ல மனசு செய்கிற கெடுதலைப் பகையாளிகூடச் செய்யமாட்டான். டாக்டரம்மா அடிபட்ட எலும்பு என்று எழுத ஆரம்பித்தார். இடுப்புக்கு பெல்ட், படுக்கையில் ஓய்வு என்று பேனா ஓடியது.

ராக்கம்மாள் அந்தப் பேனாவையே பார்த்தாள். சொன்னால், கூடப்பிறந்தவனை முடமாக்கியவள் என்று ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால்? அந்த முதுகு உள்ளே வாங்கியது அவள் குதிகாலுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல எலும்பு அப்படி வாங்காது. ராமுத்தாயின் கையை உதறினாள்.

"விழுகல தாயி. நாந்தான் மிதிச்சேன், ரெண்டு மிதி. ஆனா வலி ரெண்டு மாசமா இருக்கு. சாயங்காலமானா காய்ச்சல். பாய் நனையுற மாதிரி வேர்க்குதுன்னு சொல்லுவான். கரையான் அரிச்ச உத்திரம் மாதிரி உள்ள வாங்குச்சு தாயி. கழுத்துல நெறி வேற கட்டியிருக்கு, பாருங்க."

பேனா நின்றது. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. எழுந்து வந்து அய்யாத்துரையின் கழுத்தைத் தடவினார், அக்குளைத் தடவினார். முகம் மாறியது. எழுதிய தாளைக் கிழித்தார். அன்றைக்கே மதுரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

மதுரையில் கழுத்துக் கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா என்றார்கள், நெறிகட்டும் இடத்தில் தொடங்குகிற புற்றுநோய். அது எலும்புக்குள்ளும் இறங்கி அரித்து, முதுகுக்குள் ஓடும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது.

"மருந்துக்குக் கேட்கிற நோய்தான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கால் திரும்பியிருக்காது" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"இன்னொரு மிதி மிதிச்சிருந்தா?" என்று கேட்டாள் ராக்கம்மாள்.

அவர் குனிந்து அய்யாத்துரையின் கால் பெருவிரலைத் தட்டிப் பார்த்தார்.

முதுகில் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் வெந்தது. பெருவிரல் அசைய மட்டும் இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் ராக்கம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் துப்பத்தான் செய்தது. தப்பித்தவறி வாசலில் வந்து படுத்த ஒருவனையும், "இங்கன படுக்காத. போயி படம் எடு" என்று விரட்டினாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அய்யாத்துரை பெல்ட்டும் கம்புமாய்த் தனியே நடந்து வந்து அவள் வாசலில் நின்றான்.

"அக்கா, ஒரு மிதி பாக்கி இருக்கு."

"வாயைக் கழுவுலே" என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. எந்த எலும்பு எப்படி இருக்கிறதோ, யார் கண்டது? அந்தக் கையாலேயே அவன் சட்டைக் காலரை ஒதுக்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. நம்பாமல் மறுபடியும் தடவினாள்.