பதறாமல் கேட்ட இடி

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைக்கிறவள் பாண்டிலட்சுமி. இடிச் சத்தம் கேட்டால், மின்னலில் மருந்து பற்றிக்கொள்ளும் முன், கையிலிருப்பதை உரசாமல் கீழே வைத்துவிட்டு அறையைவிட்டு ஓடிவிட வேண்டும் என்பது பதினெட்டு வருடப் பழக்கம்.

2006 தீபாவளி முடிந்ததும் கம்பெனி ஆட்களோடு கொடைக்கானல் போனாள். ஏரியைச் சுற்றி நடக்கும்போது மேகம் இறங்கித் தண்ணீரை மூடியது. இடி உருண்டது. கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை உரசாமல், மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினாள்.

கூட வந்த ரோஜா சிரித்தாள். "வெளியதானக்கா நிக்கோம்?"

பாண்டிலட்சுமி கைகளைத் திருப்பிப் பார்த்தாள். மருந்தின் சாம்பல் நிறம் இல்லை. கடலைத் தோல்தான் ஒட்டியிருந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இடிலே, எம்புட்டு வேணா இடி."